மீன் மருந்தாகுமா?

கிணற்றிலும் குட்டையிலும் கொசுப் புழுவை ஒழிக்க மீன் விடும் வழக்கம் கள ஊழியர்களுக்குப் புதிதன்று. கம்பூசியா என்னும் சிறு மீன் 1928-ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. அதன் பின்னர் பல மாநிலங்களில் சுகாதாரப் பகுதியினர் அதை நீர்நிலைகளில் விட்டு வந்துள்ளனர். ஒரு பிராணியால் விளையும் தொல்லையை மற்றொரு பிராணியைக் கொண்டே தீர்ப்பது சிக்கனமானது, நஞ்சு தெளிக்க வேண்டாதது, பார்ப்பதற்கும் நேர்த்தியானது என்ற எண்ணம் இதனால் மக்களிடையே வேரூன்றிவிட்டது.

அதே எண்ணம் இப்பொழுது வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள்ளும் புகுந்திருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் முதலிய இடங்களில் உயிருள்ள பவழங்களை வீட்டிலேயே வளர்ப்போர் பலர் உளர். உப்பு, வெப்பம், ஒளி, நீரோட்டம் ஆகியவற்றைக் கருவிகளால் அளந்து, கடலின் ஒரு முழப் பகுதியை வரவேற்பறையில் அமைத்துக்கொள்வது அவர்களுடைய பொழுதுபோக்கு. அத்தொட்டியில் பவழத்தை அரிக்கும் ஓர் உயிர் தோன்றியவுடன் அவர்கள் கடைக்குச் சென்று, "இதைத் தின்னும் மீன் எது?" என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் ஒரு மீனைக் காட்டுகிறார். மீன் சில வேளைகளில் உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை மருந்துக் குப்பியைப்போல வாங்கித் தொட்டியில் விடுவது பிழையான முறை. எவ்வாறு பிழை என்பதை இரண்டு பகைவர்களைக் கொண்டு விளக்கலாம்.

முதலாவது, அயிப்டேசியா என்னும் கடற்சாமந்தி. பழுப்பு நிறமும் கண்ணாடி போன்ற உடலும் கொண்ட இச்சிறு பிராணி, கடலிலிருந்து எடுத்த கல்லில் ஒட்டிக்கொண்டு, எவர் கண்ணிலும் படாமல் தொட்டிக்குள் வந்து சேருகிறது. அதன் உணர்கொம்புகளில் உள்ள கொட்டும் அணுக்கள் அருகிலுள்ள பவழத்தைச் சுட்டுக் கருக்குகின்றன. இதைக் கத்தரியால் வெட்டி எறிய முயல்வோர் ஏமாந்து போகிறார்கள். இதன் அடிப்பாதத்திலிருந்து கிழிந்து பாறையில் தங்கிய சிறு துணுக்கு ஒவ்வொன்றும் தனியாக வளர்ந்து முழுப் பிராணியாகிவிடும்; ஒன்றை வெட்டியவர் சில வாரங்களில் பத்தைக் காண்பார். ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி இங்குச் சுவையாக இருக்கும். தொட்டிக்காரர் சபிக்கும் இதே பிராணியை ஆராய்ச்சிச் சாலைகளில் பேணி வளர்க்கிறார்கள். பவழத்தைப்போலவே இதன் உடலிலும் ஒற்றை அணுப் பாசிகள் குடியிருக்கின்றன. ஆகவே பவழம் வெளுத்துப்போவதன் காரணத்தை ஆராய இது எளிய மாதிரியாகப் பயன்படுகிறது. 2015-இல் இதன் மரபுத் தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பட்டது.

இந்தக் கடற்சாமந்தியை ஒழிக்கப் பெரிதும் பரிந்துரைக்கப்படுவது செம்பட்டை வண்ணத்துப்பூச்சி மீன். வெள்ளி உடலில் செம்மஞ்சள் பட்டைகளும், இடுக்குகளில் நுழையத்தக்க நீண்ட மூக்கும் உடைய அழகிய மீன் அது. சிலவற்றை விட்டால் ஓரிரு வாரங்களில் பாறையைத் துடைத்துவிடுகின்றன. வேறு சில, கடற்சாமந்தியை ஏறெடுத்தும் பாராமல், தொட்டிக்கு அழகூட்டும் குழாய்ப் புழுக்களைப் பறித்துத் தின்கின்றன. எந்த மீன் எவ்வாறு நடக்கும் என்பதை வாங்கும்பொழுது எவராலும் கூற இயலாது. ஒரே இனம், ஒரே கடை, ஒரே விலை. குணம் மட்டும் வேறு.

இதிலும் கொடியது பின்னர் வருகிறது. இம்மீன் கடலில் நாள் முழுவதும் பாறை இடுக்குகளைத் துழாவிச் சிற்றுயிர்களை உண்டு வாழ்வது. தொட்டியில் இடும் உலர்ந்த தீனியை இவற்றுள் பல தொடுவதேயில்லை. கடற்சாமந்தி உள்ளவரை உண்கிறது. அது தீர்ந்தபின் பட்டினி கிடக்கிறது. வயிறு உட்குழிந்து, முதுகுத் தசை கரைந்து, சில வாரங்களில் இறக்கிறது. பணியை நன்கு முடித்த மீனுக்கு அதனாலேயே உணவு அற்றுப்போகிறது! கொசுவலையையும் பூச்சி மருந்தையும் வேலை முடிந்தபின் பரணில் எடுத்து வைக்கலாம். மீனை அவ்வாறு வைக்க முடியாது. சுமார் 20 செண்டிமீட்டர் வரை வளரக்கூடிய ஓர் உயிரை, இரண்டு வாரத்து வேலைக்காக, சிறிய தொட்டி ஒன்றில் அடைப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

கிளாத்தி மீனுக்கு உறவான சிறுமீன் ஒன்றும் கடற்சாமந்தியைத் தின்பதாகப் பெயர் பெற்றது. வளர்ப்பகங்களில் குஞ்சு பொரித்துப் பழக்கப்பட்டதாதலால் தீனியை ஏற்கும் என்பது இதன் சிறப்பு. ஆனால் இதுவும் சில வேளைகளில் பவழத்தின் சதையையே கொறிக்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்வதென்பது இதுதான். தவிர, தொட்டியின் அடியிலுள்ள வடிகலத்திலும் குழாய்களிலும் பதுங்கியிருக்கும் கடற்சாமந்தியை எந்த மீனும் எட்டாது. அங்கிருந்து வரும் ஒரு துணுக்கு போதும், மறுபடியும் தொடங்குவதற்கு. எண்ணிக்கை குறைவாக இருக்கும்பொழுதே, நீற்றிய சுண்ணாம்பைக் குழம்பாக்கி, ஊசியால் ஒவ்வொன்றின் வாயிலும் செலுத்துவது இதைவிட உறுதியான முறை.

இரண்டாவது பகைவன், மான்கொம்புப் பவழத்தைத் தின்னும் தட்டைப்புழு. தொட்டிக்காரர்களை நெடுநாள் வாட்டிய இப்புழு 2011-ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானப் பெயரிட்டு விவரிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவழத்திட்டில், லிசார்டு தீவின் அருகே, இயற்கைக் கடலிலும் இது வாழ்கிறது என்பதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பவழச் சதையை உண்டு, அதன் நிறத்தையே தன் உடலிலும் ஏற்றிக்கொள்வதால் கூர்ந்து நோக்குவோர்க்கும் புழு புலப்படாது. வெளிறிய வட்ட வட்டமான தழும்புகளே அது இருப்பதற்கு அடையாளம். தழும்பு தெரியும்பொழுது பவழம் பாதி போயிருக்கும்.

இதற்கு ஆறுகோட்டு ராஸ் என்னும் விரல் நீள மீனை விடுகிறார்கள். சுறுசுறுப்பான இம்மீன் கிளைகளுக்கிடையே ஓயாமல் நுழைந்து, அசையும் சிற்றுயிர் எதுவாயினும் கவ்விக்கொள்ளும். தட்டைப்புழுவையும் தின்னும். ஆனால் புழுவின் முட்டைகளோ பவழக் கிளையின் அடியில், சதை இறந்து வெறும் எலும்பான இடத்தில், உறைக்குள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பவழத்தை முக்கியெடுக்கும் மருந்து நீரும் அவ்வுறையைத் துளைப்பதில்லை. வெப்பத்திற்கேற்ப இரண்டு மூன்று வாரங்களில் புதிய தலைமுறை வெளிவருகிறது. மீன் ஒருபுறம் தின்ன, முட்டை மறுபுறம் பொரிய, தொட்டிக்காரர் புழுக்கள் குறைந்ததைக் கண்டு அவை ஒழிந்தன என்று மயங்குகிறார். மீன் செய்வது தணிப்பதே, ஒழிப்பதன்று. இந்த வேறுபாட்டைப் பயிர்ப் பாதுகாப்புத் துறையினர் நன்கறிவர். மீன் தொட்டி உலகில் மட்டும் இது பேசப்படுவதில்லை.

ராஸ் மீனுக்கு நல்லது தீயது என்ற பாகுபாடும் கிடையாது. பாறையிடையே வாழ்ந்து கழிவைத் தின்று தொட்டியைத் தூய்மையாக வைக்கும் நுண்ணிய கூனிகளையும் அது தீர்த்துவிடும். அவற்றையே நம்பி வாழும் மாண்டரின் மீன் அத்தொட்டியில் இருந்தால், அது மெலிந்து மடியும். வயது ஏற ஏற, பின்னர் விடப்படும் மீன்களை ராஸ் விரட்டித் தாக்குவதும் உண்டு. அதைத் திரும்பப் பிடிக்கப் பாறை முழுவதையும் பெயர்க்க வேண்டும்!

இரசாயனத்தைக் கொட்டுவதைவிட மீன் மேலல்லவா என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொட்டி நீரில் நேரே கலக்கும் மருந்துகள் பல, பகைவனோடு நண்பரையும் கொல்பவை. ஆனால் மீன் வரும்பொழுது அது மட்டும் வருவதில்லை. கடல் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயின் கிருமி அதன் செவுளில் ஒட்டி வரக்கூடும். அந்நோய்க்குக் கைகண்ட மருந்து தாமிரம்; தாமிரமோ பவழத்திற்கும் இறாலுக்கும் நஞ்சு. ஆகவே பவழத் தொட்டியில் நோய் புகுந்துவிட்டால் அங்கேயே மருந்திட வழியில்லை. எல்லா மீன்களையும் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றிப் பல வாரங்கள் மருத்துவம் செய்ய வேண்டும். புழுவை ஒழிக்க வந்த மீனால் மற்றெல்லா மீன்களும் மாண்ட தொட்டிகள் உண்டு. ஒருவருடைய தொட்டியில் வேலை முடித்த மீனை நண்பருக்கு இரவல் கொடுக்கும் வழக்கமும் இந்தக் காரணத்தால் ஆபத்தானதே.

மீன் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். கொசு மீனைத் தொட்டியில் பெருக்கலாம். பவழத் தொட்டிக்குச் செல்லும் கடல் மீன்களுள் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்படுபவை. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-களில் தொடங்கிய ஒரு முறை, பவழப் பாறைகளின்மீது சயனைடு நீரைப் பீய்ச்சி, மயங்கிய மீனைக் கையால் அள்ளுவதாகும். மீன் பிழைத்தாலும் அந்த நஞ்சு பட்ட பவழம் பிழைப்பதில்லை. எல்லா மீனும் இவ்வாறு பிடிக்கப்படுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் வீட்டில் உள்ள ஒரு முழப் பவழத்தைக் காக்க வாங்கிய மீன், கடலில் எத்தனை முழப் பவழத்தைப் பலி கொண்டு வந்தது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. வளர்ப்பகத்தில் பிறந்த மீனையே வாங்குவது என்ற விதி இதனால்தான் வற்புறுத்தத்தக்கது. இந்தியாவில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களையும் வேறு சில அழகு மீன்களையும் தொட்டியிலேயே இனம் பெருக்கிக் காட்டியிருப்பது இத்துறையில் குறிப்பிடத்தக்க பணியாகும்.

கம்பூசியாவின் வரலாறு இங்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது. கொசுப் புழுவைத் தின்னும் என்று உலகெங்கும் பரப்பப்பட்ட அம்மீன், உள்நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தலைப்பிரட்டைகளையும் தின்று, பல நாடுகளில் தானே தொல்லையாக முடிந்தது. உலகின் மிகக் கொடிய நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இன்று அதுவும் ஒன்று. தொட்டி மீனும் தொட்டியிலேயே நிற்பதில்லை. இந்து, பசிபிக் மாகடல்களுக்குரிய சிங்கமீன் 1985-ஆம் ஆண்டில் புளோரிடாக் கரையில் காணப்பட்டது; வளர்த்தவர்கள் வேண்டாமென்று கடலில் விட்டதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. இப்பொழுது அது கரிபியக் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள இளமீன்களை விழுங்கி வருகிறது. வேலை முடிந்த மீனை என்ன செய்வது என்று கேட்பவருக்குக் "கடலில் விட்டுவிடுங்கள்" என்று எவரும் கருணையோடு விடை கூறிவிடலாகாது.

இந்நாட்டுக் கள ஊழியர் அறிய வேண்டுவது மற்றொன்று உண்டு. பவழப் பாறையைக் கட்டும் கற்பவழங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் அடங்கியவை. மன்னார் வளைகுடாவிலோ, கட்ச் வளைகுடாவிலோ, அந்தமானிலோ, இலட்சத்தீவிலோ அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். கடையில் உயிர்ப் பவழம் கண்ணில் பட்டால், அதற்கு எந்த மீன் காவல் என்று ஆராய்வதற்கு முன், வனத்துறைக்குத் தெரிவிப்பதே ஊழியரின் கடமை. மீன்கள் மட்டும் உள்ள கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் பலர் உளர். அவர்களும் கல்லோடு வந்த கடற்சாமந்தியைப் பற்றி யோசனை கேட்பதுண்டு. அவர்களுக்கு முதலில் கூறத்தக்கது, புதிதாக வரும் கல்லையும் மீனையும் நான்கு முதல் ஆறு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்து, விளக்கொளியில் அடிப்பக்கம் வரை பார்த்த பின்னரே பெருந்தொட்டியில் சேர்க்க வேண்டும் என்பது. இதற்குச் செலவு ஒரு பழைய கண்ணாடித் தொட்டியும் சிறிது பொறுமையுமே. பொறுமையைக் கடைக்காரர் விற்பதில்லையாதலால், இந்த யோசனை கடையில் கிடைப்பது அரிது.

பள்ளி ஆசிரியர்கள் கடல்நீரின்றியே இப்பாடத்தை நடத்தலாம். வாயகன்ற கண்ணாடிச் சாடி ஒன்றில் எண்ணிய கொசுப் புழுக்களையும், குளத்து நீரிலுள்ள தெள்ளுப்பூச்சி போன்ற நுண்ணிய நீர்வாழ் உயிர்களையும் ஒருங்கே இட்டு, உள்ளூர்ச் சிறுமீன் ஒன்றை விடவேண்டும். மணிக்கொரு முறை எஞ்சியவற்றை மாணவர்கள் எண்ணிக் குறிக்கட்டும். மறுநாள் வேறொரு மீனைக் கொண்டு அதையே செய்யலாம். இரண்டு நாளைய கணக்கும் ஒத்திருக்குமா என்பதை மாணவர்கள் முன்கூட்டியே ஏட்டில் எழுதிவைத்துக் கொள்வது நல்லது. சோதனைக்குப் பின் மீன் எந்தக் குளத்திலிருந்து பிடிக்கப்பட்டதோ, அந்தக் குளத்திற்கே திரும்ப வேண்டும்.