பழைய சொல்லை யார் கேட்பது?

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வில் முதல் ஆறு கேள்விகளும் சொற்களைப் பற்றியவை. மூன்றுக்கு ஒருபொருட்சொல், மூன்றுக்கு எதிர்ச்சொல். பாட வரியில் அடிக்கோடிட்ட சொல்லுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நூற்றுக்கு ஆறு மதிப்பெண். மெல்லக் கற்கும் மாணவரைக்கூட இதில் நான்காவது வாங்க வைத்துவிடலாம் என்பது நம்மில் பலருடைய கணக்கு. கணக்கு பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. ஆனால் அதே மாணவர் அதே விடைத்தாளில் கடிதம் எழுதும்போதும் பத்தி எழுதும்போதும் அந்தச் சொற்களில் ஒன்றுகூடத் தலைகாட்டுவதில்லை. ஆறாம் வகுப்பில் கற்ற குட், பேட், வெரி ஹேப்பி ஆகியவற்றை வைத்தே நான்கு பக்கத்தையும் ஓட்டிவிடுகிறார். திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாணவர்கள் படிப்பதில்லை, கைபேசி கெடுத்துவிட்டது, ஆரம்பப் பள்ளியில் அடித்தளம் சரியில்லை என்று காரணங்களை அடுக்கலாம். எதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நம் கையில் இருக்கும் காரணம் ஒன்று இருக்கிறது, இந்த இதழில் அதைப் பற்றி மட்டும் பேசலாம். ஆண்டு முழுவதும் நாம் புதுச் சொற்களை அறிமுகம் செய்துகொண்டே இருக்கிறோம். அறிமுகமானவற்றைத் திரும்பக் கேட்பதில்லை.

முதல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். லியம் ஓ ஃப்ளாஹர்ட்டியின் கடற்பறவைக் குஞ்சு, பாறை விளிம்பில் தனியாக நின்று பறக்கப் பயப்படும் கதை. லெட்ஜ், பிரீன், டிவவர், ஹெர்ரிங் என்று சொற்கள் வரிசையாக வருகின்றன. ஜூன் மாதத்து உற்சாகத்தில் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் போடுகிறோம். பிள்ளைகள் நோட்டில் இறக்கிக்கொள்கிறார்கள். மறுநாள் நாலைந்து பேரை எழுப்பிக் கேட்கிறோம். இரண்டாம் பாடம் தொடங்கியதும் அந்தப் பக்கம் மூடப்படுகிறது. மறுபடி திறப்பது காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள், அதுவும் ‘புக் பேக்’ கேள்விகளுக்காக. இதற்கிடையில் சொல் தெரியாதவர்களுக்கு இம்போசிஷன்.

இம்போசிஷன் எழுதும் பிள்ளையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொல்லை மேலிருந்து கீழாகப் பத்து முறை முதலில் எழுதி முடிக்கிறது. பிறகு வலப்பக்கம் வந்து பொருளைப் பத்து முறை கீழே இறக்குகிறது. சொல்லும் பொருளும் தாளில்தான் அருகருகே இருக்கின்றன. பிள்ளையின் மனத்தில் ஒரு முறைகூட ஒன்றையொன்று சந்திக்கவில்லை. நாம் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம்.

ஜெஃப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நாற்பது சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்கக் கொடுத்தார்கள். நம் வகுப்பறை வேலைக்கு இதைவிட நெருக்கமான சோதனை கிடைப்பது அரிது. ஒரு சொல்லுக்குச் சரியாக விடை சொன்ன பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழுக்களுக்குள் வேறுபாடு. சிலருக்கு அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படிக்கக் கொடுத்தார்கள், ஆனால் மறுபடி கேட்கவில்லை. சிலரிடம் மறுபடி மறுபடி கேட்டார்கள், ஆனால் படிக்கக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தொடர்ந்து கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 80 சதவீதச் சொற்களை நினைவிலிருந்து சொன்னார்கள். கேட்பதை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினார்கள். கூடுதலாகப் படித்ததால் கிடைத்த லாபம் அநேகமாக ஒன்றுமில்லை.

இதில் இன்னொரு செய்தி உண்டு, நம்மை அது அதிகம் உறுத்த வேண்டும். ஒரு வாரம் கழித்து எத்தனை சொல் நினைவிருக்கும் என்று மாணவர்களையே முன்கூட்டி ஊகிக்கச் சொன்னார்கள். எல்லாக் குழுவினரும் பாதியளவு என்றே சொன்னார்கள். எந்த முறை உதவுகிறது என்று கற்றவர்களுக்கே தெரியவில்லை. “நல்லாப் படிச்சேன் சார், மறந்துபோச்சு” என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. நன்றாகப் படித்ததாகத்தான் அதற்குத் தோன்றியிருக்கிறது. நோட்டைத் திறந்து வைத்துப் படிக்கும்போது எல்லாச் சொல்லும் தெரிந்த முகமாகவே இருக்கும்.

எனவே வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை மாற்றலாம் என்பது நம் யோசனை. இன்றைய பாடத்தின் புதுச் சொற்கள் அங்கே வேண்டாம். சென்ற வாரத்துச் சொல் இரண்டு, சென்ற மாதத்துச் சொல் இரண்டு, முதல் பாடத்திலிருந்து ஒன்று. எல்லா நோட்டும் மூடியிருக்க வேண்டும். ஒருவரை எழுப்பிக் கேட்டால் நாற்பத்தைந்து பேர் வகுப்பில் நாற்பத்து நான்கு பேருக்கு ஓய்வு. ஆகவே அனைவரும் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதட்டும். பிறகு விடையைச் சொல்லிவிட வேண்டும், அவரவர் தாமே திருத்திக்கொள்ள வேண்டும். இதற்கு மதிப்பெண் பதிவேடு கூடவே கூடாது. பதிவேட்டைத் திறந்த மறுநாளே பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் தொடங்கிவிடும், ஸ்லிப் டெஸ்ட் நடத்தும் எல்லோருக்கும் இது அனுபவம்.

பிள்ளைகள் தடுமாறுவார்கள், முதல் வாரத்தில் வகுப்பே பாதி எழுதாமல் உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சற்று மறந்த பிறகு முயன்று நினைவுகூரும்போதுதான் சொல் ஆழமாகப் பதிகிறது. 1885-இல் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவாக மறக்கிறோம் என்று அளந்து எழுதினார். கற்ற உடனே சரிவு செங்குத்தாக இருக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஒரே மூச்சில் பலமுறை ஓதுவதைவிட நாட்களைப் பிரித்து ஓதுவது மேல் என்பதும் அவர் அப்போதே கண்டதுதான். மறுநாள் மட்டும் கேட்டுவிட்டு விடும் நம் வழக்கம், சரிவின் மேல்படியில் ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதற்குச் சமம்.

அடுத்து, பலருக்குக் கசக்கக்கூடிய ஒன்று. வினாத்தாளில் ஒருபொருட்சொல்லும் எதிர்ச்சொல்லும் வருவதால் அவற்றை ஒரே நாளில் சேர்த்தே நடத்துகிறோம். கைடு புத்தகங்களும் மூன்று பத்தியாகவே அச்சிடுகின்றன. தாமஸ் டின்காம் 1993-இலும் ராப் வேரிங் 1997-இலும் வெளியிட்ட சோதனைகள் இதற்கு எதிராக நிற்கின்றன. பொருளால் நெருங்கிய புதுச் சொற்களை ஒன்றாகக் கற்றவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களைவிட அதிக முயற்சி எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்கிறது. நம் வகுப்பிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஸ்கேர்ஸ், அபண்டன்ட் இரண்டும் எதிரெதிர் என்று பிள்ளை சரியாகச் சொல்கிறது. எது குறைவு, எது நிறைவு என்று கேட்டால் விழிக்கிறது. ஜோடி மனத்தில் இருக்கிறது, பொருள் இல்லை. பொதுத்தேர்வு ஜோடியைக் கேட்கிறது என்பது உண்மை. ஆனால் இரண்டையும் ஒரே காலையில் நடத்தச் சொல்லி எந்தத் தேர்வுத் துறையும் உத்தரவு போடவில்லை. ஒன்றை முதலில் ஊன்றவிட்டு, மற்றதைச் சில வாரம் கழித்துக் கொண்டுவரலாம். இரண்டுமே முன்பே தெரிந்த சொற்களாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எத்தனை சொல் என்ற கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாது. அருஞ்சொற்பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் இப்படி நேரம் ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் தேவையில்லை. ஹெர்ரிங் என்றால் மத்தி, சாளை போல ஒரு கடல்மீன் என்று தமிழில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நாகப்பட்டினத்துப் பிள்ளை ஆனாலும் தருமபுரிப் பிள்ளை ஆனாலும் அந்தச் சொல்லை மீண்டும் சந்திக்கப்போவது அபூர்வம். வாழ்நாள் முழுதும் எதிர்ப்படும் சொல்லுக்குத்தான் பயிற்சி நேரம் உரியது. இந்தக் கணக்கை முதலில் முறையாகப் போட்டவர்களில் மைக்கேல் வெஸ்ட் முக்கியமானவர். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்கப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகங்களில் அரிய சொற்களின் கூட்டத்தில் மூச்சுத் திணறுவதைக் கண்டு, சொற்களை எண்ணி வடிகட்டி வாசிப்பு நூல்களை எழுதினார். 1953-இல் வெளியான அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் இருக்கின்றன. பட்டியல் பழையதாகிவிட்டது, புதிய பட்டியல்கள் வந்துவிட்டன. ஆனால் நம் மண்ணுக்கு அருகில் நின்று அவர் கேட்ட கேள்வி, எந்தச் சொல் பிள்ளையின் உழைப்புக்குத் தகுதியானது என்பது, நம் பாட ஆயத்தத்தில் இன்னும் இடம்பெறவில்லை.

இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குகன் ஆகிய மூவரும் 2002-இல் எழுதிய நூலில் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். அன்றாடப் பேச்சுச் சொற்கள் கீழ் அடுக்கு, துறைச் சொற்கள் மேல் அடுக்கு. எந்தப் பாடத்திலும் எந்த நூலிலும் வரக்கூடிய நடு அடுக்குச் சொற்களுக்கே ஆசிரியரின் நேரம் போக வேண்டும் என்றார்கள். அவர்கள் மனத்தில் இருந்தவர்கள் ஆங்கிலத்தை வீட்டில் பேசும் அமெரிக்கப் பிள்ளைகள். நமக்குக் கீழ் அடுக்கிலும் வேலை இருக்கிறது. ஆனாலும் பாடத்துக்கு ஆறு சொல் என்று வைத்தால் ஏழு உரைநடைப் பாடத்துக்கு நாற்பத்திரண்டு சொற்கள். இவ்வளவுதானா என்று கேட்கும் தலைமையாசிரியர்கள் இருப்பார்கள். மார்ச் மாதத்தில் எழுதும் கைக்கு வந்து சேரும் நாற்பத்திரண்டு சொற்கள், நோட்டில் தூங்கும் முந்நூறு சொற்களைவிட எங்களுக்குப் பெரிதாகவே தெரிகிறது.

பயிற்சி என்றதும் சொந்த வாக்கியம் எழுதச் சொல்வது வழக்கம். அதன் விளைவை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘திஸ் இஸ் எ லெட்ஜ்’, ‘ஐ லைக் டிவவர்’. கெட்டிக்காரப் பிள்ளைகள் எந்தச் சொல்லுக்கும் பொருந்தும் ஒரே வாக்கியத்தைக் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள், அந்த அறிவைப் பாராட்டத்தான் வேண்டும். வெறும் சொல்லைக் கொடுத்தால் இதுதான் கிடைக்கும். சூழலைக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து சாப்பிடாமல் விளையாட்டுப் போட்டிக்குப் போய்வந்தவன் முன்னால் பிரியாணி வைத்தால் டிவவர் செய்வானா? கசாயத்தை யாராவது டிவவர் செய்வார்களா? ஒரு நாவலை அப்படிச் செய்ய முடியுமா? ஆம், இல்லை என்று சொன்னால் போதாது, ஏன் என்று சொல்ல வேண்டும். காரணம் தமிழில் வந்தாலும் பரவாயில்லை. சொல்லின் எல்லை எது என்று யோசிக்கும் வேலை அங்கே நடந்துவிடுகிறது. அதன் பிறகு பாதி வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொன்னால், எழுத்திலும் அந்தச் சொல் தன் துணைச் சொற்களோடு வந்து சேரும்.

தமிழில் பொருள் சொல்வதைக் குற்றமாக நினைக்கும் ஆய்வுக் குழுக்கள் இன்னும் இருக்கின்றன. கடினமான ஆங்கிலச் சொல்லை அதைவிடக் கடினமான ஆங்கிலச் சொல்லால் விளக்கும் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? பொருளைத் தமிழில் ஒரு நொடியில் சொல்லிவிட்டு, மிச்சமாகும் நேரத்தை ஆங்கிலத்தில் சொல்லைப் புழங்கவைக்கச் செலவிடுவதே நியாயம்.

போர்ஷன் முடியாது என்ற மறுப்பு நிச்சயம் வரும். ஐந்து நிமிடம் என்பது நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் ஒன்பதில் ஒரு பங்கு, சிறியதல்ல. அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று நேராகவே சொல்லிவிடுகிறோம். சொற்பொருளைப் பலகையில் எழுதிப் போட்டு, எல்லோரும் இறக்கிக்கொள்ளும்வரை நாம் காத்து நிற்கும் நேரத்திலிருந்து எடுக்கலாம். இம்போசிஷன் நோட்டுக்குக் கையெழுத்துப் போடும் நேரத்திலிருந்தும் எடுக்கலாம்.

தனி ஆசிரியரால் முடியாத பகுதி ஒன்று உண்டு. அலகுத் தேர்வு வினாத்தாள் அந்த அலகின் சொற்களை மட்டும் கேட்கும்வரை, பழைய சொற்களைத் திரும்பக் கேட்கும் ஆசிரியர் வகுப்பில் தனித்து நிற்பார். ‘இது டெஸ்டுக்கு வருமா மிஸ்’ என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்காது. பள்ளி அளவில் இதை மாற்ற அரசாணை எதுவும் தேவையில்லை. மூன்றாம் அலகுத் தேர்வில் சொற்பகுதியின் பாதியை முதல் இரண்டு அலகுகளிலிருந்து கேட்க ஆங்கில ஆசிரியர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால் போதும். மாவட்ட அளவில் பொது வினாத்தாள் தயாரிப்போர் அரையாண்டுக்கு முன்பே இதைச் செய்ய முன்வந்தால் இன்னும் நல்லது. அவ்வாறு தயாரித்த வினாத்தாள்களையும், பிள்ளைகள் அவற்றில் என்ன எழுதினார்கள் என்பதையும் எங்களுக்கு அனுப்புங்கள். தவறான விடைகளை விட்டுவிடாமல் அனுப்புங்கள், அவற்றையே முதலில் வெளியிட விரும்புகிறோம்.