கண்ணுக்குத் தெரியாத போல்ட்

ராபர்ட் பிர்சிக்கின் 'ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' (1974) நூலைப் பற்றி இலக்கிய நண்பர்கள் பேசும்போதெல்லாம் ஓர் இடம் தவறாமல் வந்துவிடும். வண்டியின் பக்கவாட்டு மூடியில் ஒரு திருகாணி இறுகிவிடுகிறது. தலை சிதைந்து, கழற்ற முடியாமற் போகிறது. சில காசுகளே பெறும் அத்திருகாணி அக்கணத்தில் முழு வண்டியின் விலைக்குச் சமமாகிவிடுகிறது என்று பிர்சிக் வாதிடுகிறார். சிக்கி நிற்கும் அந்நிலையே புதிய அறிவு பிறக்குமிடம் என்பது அவர் முடிவு.

அழகான வாதம்தான். நானும் நெடுநாள் அதை ஏற்றுக்கொண்டிருந்தவன். ஆனால் அதில் ஒரு சலுகை ஒளிந்திருப்பதாக இப்போது தோன்றுகிறது. பிர்சிக்கின் திருகாணி கண்ணெதிரே இருக்கிறது. அதன் முன் அமர்ந்து சிந்திக்க முடிகிறது. கண்ணுக்கே தெரியாத, கை முழுதாக நுழையாத இடத்திலிருக்கும் போல்ட்டின் முன் என்ன சிந்திப்பது? பழைய விளையாட்டுக் கார்களைப் பழுதுபார்ப்பவர்கள் நாள்தோறும் சந்திப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப் இருபதாம் நூற்றாண்டின் அழகிய கார்களில் ஒன்று என்பதில் கருத்து வேற்றுமை குறைவு. மால்கம் சேயர் வடித்த அதன் உடலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவ்வுடலின் பின்பகுதிக்கு அடியில் இருப்பதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மெக்கானிக்குகள்.

பாப் நைட் உருவாக்கிய பின்புறத் தொங்கலமைப்பு அங்கே ஓர் எஃகுக் கூண்டுக்குள் அடங்கியிருக்கிறது. நான்கு ரப்பர் தாங்கிகள் அக்கூண்டை உடலோடு இணைக்கின்றன. வழக்கமாகச் சக்கரத்தை ஒட்டியிருக்கும் பிரேக் வட்டுகள் இங்கே நடுவில், டிஃபரென்ஷியலின் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடை இதனால் குறைகிறது. மேடுபள்ளத்தில் கார் பூப்போலச் செல்கிறது. ஓட்டுபவருக்கு இது வரம்.

பழுதுபார்ப்பவரின் பக்கம் வருவோம். பிரேக்கின் சூடு அருகிலுள்ள எண்ணெய்ச் சீல்களைக் கெடுக்கிறது. சீல் கசிந்தால் எண்ணெய் வட்டின்மேல் படுகிறது. காலிப்பரைப் பிணைக்கும் போல்ட்களின் தலையில் துளையிட்டுக் கம்பி முறுக்கிக் கட்டியிருப்பார்கள். கைபிரேக்கின் காலிப்பரோ இவற்றுக்கும் மேலே, காரின் தரைத்தகட்டுக்கு அடியில் ஒண்டியிருக்கிறது. மல்லாந்து படுத்து, ஒரு கையை மட்டும் இடுக்கில் செலுத்தி, காணாத ஒன்றைத் தடவித்தான் கண்டுகொள்ள வேண்டும். அது இயலாதபோது பிரேக்குழாய், கைபிரேக் கம்பி, புரொபெல்லர் ஷாஃப்ட் என ஒவ்வொன்றாக விடுவித்துக் கூண்டையே கீழே இறக்க வேண்டும்.

தமிழில் 'பழுது பார்த்தல்' என்கிறோம். பார்வையில் தொடங்கும் தொழில் என்பது சொல்லிலேயே இருக்கிறது. பார்க்கவே முடியாத இடத்தில் பழுது பார்ப்பவன் விரல் நுனியைக் கண்ணாக்கிக்கொள்கிறான். அறுகோணத் தலையின் விளிம்புகளை எண்ணுகிறான். அளவை ஊகிக்கிறான். அதுவும் எளிதன்று. அக்கால ஆங்கிலேயக் கார்களின் போல்ட்கள் பெரும்பாலும் அங்குல அளவுடையவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 12 மி.மீ. ஸ்பானர் நுழையாது; 13 நுழைந்து, சற்றே ஆடி, அழுத்தியதும் விளிம்புகளை மழுக்கிவிடும். மழுங்கிய தலை எட்டாத இடத்தில் இருந்தால் பிர்சிக்கின் தத்துவமும் உதவாது.

அடுத்தது சுழற்சி. திறந்தவாய் ஸ்பானரின் தலை கைப்பிடிக்கு நேராக இராமல் 15 பாகை சாய்ந்திருப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். அறுகோணத்தை மீண்டும் பற்ற 60 பாகை திருப்ப வேண்டும். அவ்வளவு இடம் இல்லாதபோது, ஒவ்வொரு முறையும் ஸ்பானரைக் குப்புறத் திருப்பிப் போட்டால் 30 பாகையே போதும். பெயரறியா யாரோ ஒருவர் இடுக்கில் கைவிட்டுத் தவித்ததன் பயன் அந்தச் சாய்வு என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. நீண்ட இணைப்புத் தண்டும் வளையும் மூட்டும் கொண்டு தொலைவிலிருந்தே சாக்கெட்டைச் சுழற்றலாம். ஆனால் மூட்டு வளைய வளைய விசை சீராகச் சென்று சேர்வதில்லை.

பிறகு துரு. இரும்பு துருவாகும்போது முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரையின் இடுக்கில் அதற்குப் போக்கிடம் இல்லை; ஆகவே இறுகுகிறது. முந்தைய இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வைப்பதும், கழற்றுவதற்கு முன் சற்றே இறுக்கும் திசையில் அசைத்துப் பார்ப்பதும், தலையில் மெல்லத் தட்டுவதும், நட்டைச் சூடாக்கி விரியச் செய்வதும் அத்துருவோடு நடத்தும் பேச்சுவார்த்தைகள். சூடு எங்கும் கைகொடுக்காது. பிரேக் திரவமும் ரப்பரும் பெட்ரோல் தொட்டியும் அருகில் இருக்கின்றன.

இவ்வளவையும் பணிமனைக் கையேடு ஒற்றை வினையில் முடித்துவிடும்: கழற்றவும். ஜான் ஹெய்ன்ஸ் 1960களில் தொடங்கிய கையேட்டு வரிசையின் பெருமை, வண்டியை முழுதாகப் பிரித்துப் பூட்டிப் பார்த்து, ஒளிப்படங்களோடு எழுதியது. அவையும் பல இடங்களில் பிரித்த வரிசையைத் திருப்பிச் செய்தால் பூட்டியாயிற்று என்று நகர்ந்துவிடும். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதன்று. நூற்பா சுருங்கச் சொல்லும். உரை விரித்துச் சொல்லும். பழைய கார்களைப் பொறுத்தவரை நூற்பா அச்சில் இருக்கிறது; உரையோ முதிய மெக்கானிக்குகளின் கைகளில் இருக்கிறது. அவர்களோடு அது போய்விடும் என்பதே என் கவலை.

எதிர்வாதம் உண்டு. வேகத்துக்கும் அழகுக்கும் செய்த காரிடம் பழுதுபார்க்கும் வசதியைக் கேட்பது பொருந்துமா? பிரேக்கை நடுவில் வைத்தது தக்க காரணத்தோடு எடுத்த பொறியியல் முடிவு அல்லவா? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவின் பயனும் செலவும் ஒரே ஆளுக்குப் போய்ச் சேரவில்லை. வரைபலகையில் மிச்சமான இடத்தின் விலையை, அறுபது ஆண்டுகள் கழித்து, வேறொருவர் தோல் உரிந்த புறங்கையால் கொடுக்கிறார். "ஒரு போல்ட்டுக்கு ஒரு பகலா?" என்று உரிமையாளர் கூலியில் பேரம் பேசும்போது அக்கடன் இரட்டிப்பாகிறது. அந்தப் பகல் பொழுதில் மெக்கானிக் விற்றது தன் பொறுமையை. அவசரப்பட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முறித்திருக்க முடியும்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. எட்டாத பாகம் கவனிக்கப்படாத பாகமாகிவிடுகிறது. கைபிரேக் தேய்ந்திருப்பது தெரியும்; எண்ணெய் கசிவதும் தெரியும்; அங்கே கைவைத்தால் கூண்டையே இறக்க வேண்டியிருக்குமே என்று அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறார்கள். தள்ளிவைக்கப்படுவது பிரேக் என்பதை மறந்துவிடக் கூடாது. பழுதுபார்க்க எளிதாக இருப்பதும் பாதுகாப்பின் ஒரு கூறே.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்ப்பை ஊக்குவிக்க ஒரு சட்டநெறியை ஏற்றது. சலவை இயந்திரம், கைப்பேசி போன்றவற்றைப் பற்றியது அது. பழைய கார்களுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எனினும் அதன் பின்னுள்ள கேள்வி இ-டைப்புக்கும் பொருந்தும்: செய்பவர், பின்னால் பிரிக்கப்போகிறவரை நினைத்துப் பார்த்தாரா?

'மரை கழன்றவன்' என்று பித்தனைச் சொல்லும் மொழி நம்முடையது. கழலாத மரையின் முன் நாள் முழுதும் கிடப்பவனைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. பிர்சிக் அமர்ந்து சிந்தித்த மனிதரை எழுதினார். மல்லாந்து கிடந்து தடவிக் கண்டுபிடிப்பவரை இன்னும் யாரேனும் எழுத வேண்டும். அவர்களே எழுதினால் இன்னும் நல்லது. எந்தப் போல்ட்டுக்கு எந்தப் பக்கமிருந்து கை நுழையும் என்ற ஒற்றை வரிக் குறிப்பேயானாலும், அடுத்து அங்கே படுப்பவருக்கு ஒரு பகலை அது மிச்சப்படுத்தும்.