கிண்ணம் பெரிதா, நீதி பெரிதா?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மாலை வேளையில் ஒரு பந்தாவது உருளாத ஊரைக் காண்பதரிது. அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸ் நகரிலிருந்து வந்த யேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தார்கள். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கிறது. ஒரு கல்லூரி அணி கிண்ணத்துடன் திரும்பினால் ஊரே மாலையிட்டு வரவேற்கிறது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் பணம் திரட்டி அனுப்புகிறார்கள். இவையெல்லாம் நாம் பெருமைப்படத்தக்கனவே.

ஆனால், கைதட்டி வரவேற்கப்பட்ட அதே இளைஞன் மீது ஒரு நாள் குற்றச்சாட்டு எழுமானால் கல்லூரி என்ன செய்யும்? பெரும் போட்டிக்கு இரண்டு வாரமே இருக்கையில், அணியின் முதன்மை ஆட்டக்காரன் தன்னைத் துன்புறுத்தினான் என்று ஒரு மாணவியோ, கீழ்வகுப்புச் சிறுவனோ அழுதுகொண்டு வந்து நின்றால், அம்முறைப்பாட்டை யார் கேட்பார்? எங்கே பதிவார்? யாரிடம் ஒப்படைப்பார்? எந்தக் கல்லூரியையும் குற்றஞ்சாட்டுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. குற்றம் நேருமுன் கேட்டு வைக்க வேண்டிய கேள்வி இது என்பதனாலேயே எழுதுகிறோம்.

இத்தகைய வேளைகளில் நிறுவனங்கள் இரண்டு வகையாகத் தவறுகின்றன. "போட்டி முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று முறைப்பாட்டைப் பாய்க்கு அடியில் தள்ளுவது ஒன்று. விசாரணை தொடங்குமுன்னரே இளைஞனைக் குற்றவாளியாக்கித் தெருவில் நிறுத்துவது மற்றொன்று. இரண்டுக்கும் உலகம் அறிந்த சான்றுகள் உள.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில், அந்நாட்டுக் காற்பந்தாட்ட வீரர்கள் சிலர் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவர்களுள் ஒருவருக்கு 2014ஆம் ஆண்டில் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் வெளியிலிருந்து வரவழைத்த சட்டத்தரணிகளின் ஆய்வு முடிவு 2016 மே மாதத்தில் வெளியாயிற்று. அணியைப் பொறுப்பேற்றிருந்தவர்களே முறைப்பாடுகளை நேரில் கேட்டு, பயிற்சியற்ற தங்கள் சொந்த விசாரணைகளை நடத்தி, முறையிட்டவர்களின் சொல் நம்பத்தகாதது போன்ற தோற்றத்தை உண்டாக்கினர் என்று அது கூறியது. தலைமைப் பயிற்றுநர் ஆர்ட் பிரைல்ஸ் வெளியேற்றப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டார் பதவியிழந்தார். வெற்றி வேண்டியவன் கையிலேயே விசாரணையை ஒப்படைத்ததன் விளைவு இது.

அதே நாட்டின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 2006ஆம் ஆண்டு, லக்ரோஸ் என்னும் ஆட்டத்தை விளையாடும் அணியினர் மூவர் மீது பாலியல் வன்முறைக் குற்றம் சுமத்தப்பட்டது. அவ்வாண்டின் எஞ்சிய போட்டிகள் யாவும் நிறுத்தப்பட்டன. பயிற்றுநர் பதவி விலக வேண்டியதாயிற்று. நாடு முழுவதும் அவர்கள் குற்றவாளிகளெனவே பேசப்பட்டது. 2007 ஏப்ரலில் மாநிலச் சட்டமா அதிபர் வழக்கைக் கைவிட்டு, மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். வழக்கை நடத்திய அரச சட்டத்தரணி தமது தொழில் உரிமையை இழந்தார். தாம் கூறியது பொய் என்று முறையிட்டவரே 2024 டிசம்பரில் ஒப்புக்கொண்டார்.

நம் நாட்டு அனுபவத்தையும் நோக்குவோம். தேசிய கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக்க 2022 நவம்பர் மாதத்தில் சிட்னி நகரில் பாலியல் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். இலங்கை கிரிக்கெட் நிறுவனம் உடனடியாக அவரை எல்லா வகை ஆட்டங்களிலிருந்தும் இடைநிறுத்தியது. நான்கு குற்றச்சாட்டுகளுள் மூன்று வழக்கின் இடையிலேயே கைவிடப்பட்டன. எஞ்சிய ஒன்றிலும் அவர் குற்றவாளியல்லர் என 2023 செப்டம்பர் 28ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே தடை நீக்கப்பட்டது. ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆட்டத்தை அவர் இழந்தார் என்பது உண்மை. அவ்விழப்பைச் சிறிதென்று நாம் கூறமாட்டோம். ஆயினும், இடைநிறுத்தம் தீர்ப்பு ஆகாது என்பதையும், தீர்ப்பு வந்தபின் அதனை விலக்கிவிட முடியும் என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது. மூடி மறைக்கப்பட்ட முறைப்பாட்டை அவ்வாறு மீட்டெடுக்க இயலுமா?

இவ்விடயத்தில் தமிழ் பேசும் மக்களாகிய நமக்குத் தனிக் கடமை ஒன்றுண்டு. குற்றப்பத்திரிகையே இல்லாமல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த நம் இளைஞர்களுக்காக, "விசாரியாமல் தண்டிக்காதே" என்று குரல் எழுப்பியவர்கள் நாம். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரிலிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களின் உறவினர்களுக்காக, "முறைப்பாட்டைக் கேள்" என்று முழங்கியவர்களும் நாமே. இவ்விரு குரல்களும் ஒரே நீதியின் இரு பக்கங்கள். அரசாங்கத்திடம் கேட்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் மறுப்போமானால், நம் கோரிக்கையின் தார்மிக வலிமை எங்கே நிற்கும்?

ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் விளையாட்டுப் பருவம் தொடங்குமுன்னரே எழுத்து வடிவில் ஒரு விதியை வகுத்து, ஆட்டக்காரரும் பெற்றோரும் பயிற்றுநரும் கையொப்பமிடச் செய்ய வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அவ்விதியில் இடம்பெற வேண்டியவை இவை:

முதலாவதாக, முறைப்பாடு பயிற்றுநரின் மேசையில் முடிவடையக் கூடாது. அது அன்றே அதிபரின் கைக்கு எழுத்தில் சேர வேண்டும். குற்றத் தன்மை கொண்டதாயின் பொலிஸாரிடமும், பாதிக்கப்பட்டவர் சிறுவராயின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடமும் சேர வேண்டும். அவ்வதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் வகுப்பறைச் சுவரில் எழுதப்பட்டிருத்தல் நலம்.

இரண்டாவதாக, குற்றம் நடந்ததா என்று கல்லூரியே விசாரிக்கத் தொடங்கலாகாது. இரு தரப்பாரையும் அதிபர் அறைக்கு அழைத்துச் "சமாதானம்" செய்து வைக்கும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். அது சமாதானமன்று, எளியவரின் வாயை அடைக்கும் உபாயம்.

மூன்றாவதாக, வெறும் வதந்திக்காக எவரையும் நிறுத்தக் கூடாது. பொலிஸில் முறைப்பாடு பதிவானதும் அவ்விளைஞன் அணியிலிருந்து விலகி நிற்க வேண்டும். இது குற்றத் தீர்ப்பன்று என அவனுக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அவன் படிப்பும் பரீட்சையும் தடையின்றித் தொடர வேண்டும். முறையிட்டவரை எதிர்கொள்ளாதவாறு ஒழுங்கு செய்வது கல்லூரியின் பொறுப்பு. விளையாட்டோடு தொடர்பில்லாத, ஒரு சட்டத்தரணியும் ஒரு பெண்மணியும் அடங்கிய சிறு குழு, மாதந்தோறும் அவன் தரப்பையும் கேட்டு இம்முடிவை மீளாய்வு செய்யட்டும்.

நான்காவதாக, பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுதல் சட்டப்படி குற்றம் என்பதைப் பழைய மாணவர் சங்கங்களும் கைத்தொலைபேசிக் குழுக்களும் உணர வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவன் பெயரையும் தீர்ப்புக்கு முன் ஊர்வாயில் போடாதிருத்தல் நாகரிகம்.

ஐந்தாவதாக, அவன் குற்றமற்றவன் என முடிவாகுமானால், கல்லூரி வெளிப்படையாக அதனை அறிவித்து, அவனை அணியில் மீண்டும் சேர்க்க வேண்டும். குற்றவாளியென முடிவாகுமானால், அவன் எத்தனை கிண்ணங்களைக் கொண்டு வந்தவனாயினும் அணியில் அவனுக்கு இடமில்லை.

"பொய் முறைப்பாடு ஒன்றால் ஒரு பையனின் ஆட்டக்காலம் பாழாகாதா?" எனப் பெற்றோர் கேட்பர். நியாயமான அச்சமே. அதனாற்றான் வதந்திக்கும் முறைப்பாட்டுக்குமிடையே கோடு கிழிக்கிறோம். மாதந்தோறும் மீளாய்வும் கேட்கிறோம். விதியில்லாத இடத்திலேதான் நிரபராதியும் அதிபரின் மனப்போக்குக்கும் ஊரின் கோபத்துக்கும் இரையாகிறான். எழுதப்பட்ட விதி அவனுக்கும் கவசமே.

சட்டம் வருமுன் உயிர் போக வேண்டியதில்லை. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதையினால் ஒரு தமிழ் மாணவனை இழந்த பின்னரே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. நம் கல்லூரிகளும் அவ்வாறு ஒரு துயருக்காகக் காத்திருக்க வேண்டுமா?

வைகாசி மாதத்தில் வாவியின் இரு கரையிலும் கண்ணகை அம்மன் கோயில்கள் திறந்து, வழக்குரை பாடிக் குளிர்த்தி செய்கிறோம். அக்கதையில் வரும் பாண்டியன் பொற்கொல்லனின் சொல்லை நம்பி, விசாரியாமலே ஒருவனைக் கொல்வித்தான். மதுரை அதற்கு விலை கொடுத்தது. எனினும், முறையிட வந்தவளை அவன் வாயிலில் தடுக்கவில்லை. உள்ளே அழைத்துக் கேட்டான். தன் பிழையை உணர்ந்தபோது உயிரையே விட்டான். அவன் செய்யத் தவறிய விசாரணையையும், அவன் மூடாத வாயிலையும் நம் கல்லூரிகள் ஒருசேர மேற்கொள்ளட்டும். அடுத்த பருவம் தொடங்குமுன் விதியை எழுதுங்கள் என்று அதிபர்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.