‘அக்செப்ட்’ அமத்துறதுக்கு முதல்

எங்கள் வயதுக்காரர் கனபேருக்கு எஸ்எஸ்எச் என்றால் பட்டிதான். சைமன் டாதம் எழுதி 1999இல் வெளிவந்த இலவச மென்பொருள்; விண்டோஸ் கம்பியூட்டரில் இருந்துகொண்டு தூரத்து லினக்ஸ் சர்வருக்குள் போக உதவும். (ஆங்கில எழுத்தைப் பார்த்துப் ‘புட்டி’ என்று சொல்லுறவையும் உண்டு. நாங்கள் சண்டைக்கு வரேல்ல.) கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிறவையும், துறைமுக வீதிப் பக்கம் வீட்டு மேல்மாடியில் இருந்து வெளிநாட்டு வேலை செய்யிறவையும் அதைத் திறக்கினம். அதைப் பழக்கிவிடும் விதத்தில்தான் எங்களுக்கு ஒரு மனக்குறை.

எங்கள் கைக்கு வந்த பாடக்குறிப்பு ஒன்று இப்படிப் போகிறது: ஹோஸ்ட் நேமில் முகவரியைப் போடு, போர்ட் 22, ஓப்பனை அமத்து, ஒரு எச்சரிக்கை வரும், அக்செப்ட் குடு. ஏன் அந்த எச்சரிக்கை வருது என்று ஒரு வரிகூட இல்லை. முழுக் கதையும் அங்கேதான் கிடக்கிறது.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்ட்களைத் திருடினார்கள். அதற்குப் பிறகுதான் அங்கிருந்த டாட்டு யூலோனன் எஸ்எஸ்எச்சை எழுதினார். அதுவரை டெல்நெட்டில் பாஸ்வேர்ட் தபாலட்டையில் எழுதினது மாதிரித் திறந்தபடி போனது. ஆனால் கதையைப் பூட்டி அனுப்பினால் மட்டும் காணுமோ? மறுமுனையில் இருப்பது யார்? நடுவில் ஒருவன் சர்வர் மாதிரி நடித்தால், நாங்கள் பூட்டி அனுப்புவதே அவனுக்குத்தான். அதற்காக ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சாவி, அந்தச் சாவிக்கு ஒரு விரலடையாளம். முதல்தரம் போகும்போது பட்டியிடம் ஒப்பிட எதுவும் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறது. அக்செப்ட் குடுத்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு அந்தச் சாவி மாறினால் கத்தும். சர்வரைப் புதிதாக நிறுவினாலும் கத்தும்தான். எது நடந்தது என்று பராமரிக்கிறவரிடம் கேட்காமல் தெரியாது.

எங்கட ஊருக்கு இது புதிசில்லை. 1795இல் ஆங்கிலேயர் கப்பலில் வந்து, கொழும்பில் இருந்த டச்சு ஆளுநரின் கட்டளைக் கடிதத்தைக் காட்டி உள்ளே விடச் சொன்னார்கள். இங்கிருந்த டச்சுத் தளபதி, கடிதம் முறைப்படி இல்லை என்று மறுத்துவிட்டார். பிறகு பீரங்கி கொண்டுவந்து ஓகஸ்ட் 26இல் இப்போதைய பிரெட்ரிக் கோட்டையைப் பிடித்தது வேறு கதை. பீரங்கிக்கு எஸ்எஸ்எச்சும் மருந்தில்லை. ஆனாலும் மனிசன் கடிதத்தை வாசிச்சுப் பார்த்திருக்கிறார்.

மற்ற அமைப்புகளையும் இப்படிக் காரணத்தோடு சொல்லித் தரலாம். சும்மா இருந்தால் இணைப்பு அறுகிறதா? இடையில் இருக்கும் ரவுட்டர், பேச்சுமூச்சில்லாத இணைப்பை மறந்துவிடும். கனெக்‌ஷன் பகுதியில் கீப்அலைவ் 0 என்று கிடப்பதை 60 ஆக்கினால், நிமிடத்துக்கு ஒருதரம் “இருக்கிறன்” என்று சொல்லிக்கொண்டிருக்கும். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போனது மாதிரிப் போனால் கீப்அலைவ் என்ன செய்யும்? அதுக்கு சர்வர் பக்கத்திலேயே டீமக்ஸுக்குள் வேலை செய்ய வேணும். வீட்டில் விளக்கு அணைந்தாலும் அங்கே வேலை ஓடும். இதெல்லாம் மாத்திப்போட்டு செஷன் பக்கத்துக்குத் திரும்பி வந்து சேவ் குடுக்காவிட்டால், அடுத்தமுறை எதுவும் இராது. பட்டியின் பழைய குணம் அது.

தமிழ்க் கோப்புப் பெயர் குப்பையாகத் தெரிந்தால் டிரான்ஸ்லேஷனில் யுடிஎஃப்-8 தெரிவு செய்யுங்கள். அப்போதும் கொம்பும் காலும் பிரிஞ்சு நிக்கலாம். எல்லா எழுத்துக்கும் ஒரே அளவுப் பெட்டி என்று நினைத்துக் கட்டின உலகம் அது.

பாஸ்வேர்டை விடச் சாவி நல்லது. பட்டிஜென்னில் இடி25519 வகையில் உருவாக்கி, அதற்கு ஒரு கடவுச்சொற்றொடரும் போடுங்கள். பலபேர் பாவிக்கும் கம்பியூட்டரில் விட்டுவிட்டு வர வேண்டாம். இன்னொன்று: 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகளில், பி-521 சாவியால் போட்ட கிட்டத்தட்ட 60 கையொப்பங்களில் இருந்து ரகசியச் சாவியையே கணிக்கக்கூடிய ஓட்டை இருந்தது. 2024 ஏப்ரலில் வந்த 0.81 அதை அடைத்தது. அப்படி ஒரு சாவி வைத்திருந்தால் புதுப் பதிப்பு மட்டும் காணாது. சாவியையும் மாத்த வேணும்.

படிப்பிக்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: முதல்நாள் வகுப்பில் சர்வரின் விரலடையாளத்தை வெண்பலகையில் எழுதிவிடுங்கள். பெடியள் திரையில் வருவதை அதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும், பிறகு அமத்தட்டும்.