சிக்கப்பாவும் சித்தப்பாவும்

1992 வரை ஹார்பர் லைன் மான்குர்த்தோடு முடிந்துவிடும். அப்பால் கழிமுகம்தான். அந்த வருடம் கடற்கழி மீது பாலம் போட்டு வாஷிக்கு ரயில் விட்ட பிறகு, கடைசி ஸ்டேஷன் என்ற பெயர் மான்குர்த்தை விட்டுப் போனது. நகரம் வேண்டாம் என்று ஒதுக்கியதை எல்லாம் ஏற்றுக்கொள்ளும் இடம் என்ற பெயர் மட்டும் போகவில்லை. பக்கத்திலேயே தேவ்னார் குப்பை மேடு. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் ரயில் திட்டங்களுக்காகத் தண்டவாள ஓரக் குடிசைகளைக் காலி செய்தார்கள் அல்லவா, அந்தக் குடும்பங்களில் பலவற்றைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் இங்குள்ள லல்லுபாய் காம்பவுண்ட். குடும்பத்துக்கு 225 சதுர அடி. வீட்டில் நான்கு பேரானாலும் ஒன்பது பேரானாலும் அதே 225.

அப்படி ஒரு 225 சதுர அடியில் இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் இருக்கிறார். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவதோடு படிப்பு நின்றது. படிக்கிற பழக்கம் நிற்கவில்லை. அவருக்குக் கதை என்றால் குடும்பக் கதை. துப்பறிதல், சரித்திரம், பேய் பிசாசு எதுவும் ஆகாது. “வீட்டுக்குள்ளே நடக்கிறதைச் சொல்லுங்க, வெளியே நடக்கிறதுதான் ஜன்னல்ல தெரியுதே” என்பார். அவருடைய மகள் கல்லூரி முடித்தவள். ஆங்கிலமும் மராத்தியும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் நன்றாகப் பேசுவாள். படிப்பது சினிமா போஸ்டரை எழுத்துக் கூட்டுவதோடு சரி. மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இது புதிய சமாசாரம் அல்ல.

அம்மாவும் மகளும் ஒரே நாவலை அவரவர் மொழியில் படித்தார்கள். விவேக் ஷான்பாக்கின் ‘காச்சர் கோச்சர்’. கன்னடத்தில் 2013-ல் வந்தது. ஸ்ரீநாத் பெரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015-ல் வெளியாகி, அமெரிக்காவரை போய்ப் பெயர் வாங்கியது. தமிழில் கே. நல்லதம்பி மொழிபெயர்க்க, காலச்சுவடு வெளியிட்டது. நூற்றுச் சொச்சம் பக்கம்தான். பெங்களூரில் ஒரு குடும்பம். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு சின்ன அறைகள் கொண்ட வீடு. அப்பா தேயிலைக் கம்பெனி விற்பனையாளர். அன்றைய கணக்கை அன்றே சரிபார்த்தாக வேண்டும். வீட்டுக்குள் எறும்புப் படையெடுப்பு. அம்மாவுக்கும் எறும்புகளுக்கும் தீராத யுத்தம். அப்பாவுக்கு வேலை போகிறது. அப்பாவின் தம்பி மசாலாப் பொட்டல வியாபாரம் தொடங்குகிறார். பணம் கொட்டுகிறது, பெரிய வீடு வருகிறது. எறும்பு போய்விடுகிறது, கூடவே வேறு சிலவும். கதை சொல்லும் மகன், பெயருக்குக் கம்பெனி டைரக்டர்; வேலை ஒன்றும் கிடையாது. ஹைதராபாத்திலிருந்து மருமகளாக வந்த அனிதாவுக்கு அது தெரிய வந்த பிறகு நடப்பதைப் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு காட்சி. சம்பாதிக்கும் அந்தத் தம்பியைத் தேடி ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அவருக்குப் பிடிக்குமென்று மசூர் பருப்புக் குழம்பு கொண்டுவந்திருக்கிறாள். வீட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டு அவளை வாயால் அடித்தே விரட்டுகிறார்கள். மகளுக்கு இந்த இடம் தாங்கவில்லை. அநியாயம் என்று கேட்ட அனிதாவின் கட்சி அவள். அம்மாவோ, “விரட்டினது தப்புதான்டி. ஆனா அந்த வீட்ல சம்பாதிக்கிறவன் அவன் ஒருத்தன். அவனை அவ கூட்டிட்டுப் போயிட்டா மத்தவங்க மறுபடி எறும்பு வீட்டுக்குத்தானே போகணும்?” என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லையாம். கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னொரு அறை இல்லாத வீட்டில் இரண்டு நாள் பேசாமலிருப்பது லேசுப்பட்ட காரியமா?

விமர்சகர்கள் இந்த நாவலைப் புதுப் பணத்தின் கதை என்றும், தாராளமயத்துக்குப் பிந்தைய இந்தியாவின் கதை என்றும் எழுதினார்கள். எழுதட்டும். தண்டவாள ஓரத்திலிருந்து ஐந்தாம் மாடிக்கு வந்தவர் அதில் படித்தது வேறு. ஒருவர் வருமானத்தில் எல்லோரும் சாப்பிடும் வீட்டில் பாசம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்பதைப் படித்தார். குடும்ப நாவல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் உள்ள அளவுகோலும் ஏறக்குறைய இதுதான்: வீட்டுக்கு எத்தனை அறை, யார் கையில் சாவி, பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதைச் சொல்லாமல் உறவைப் பற்றி மட்டும் பேசினால் அது தொலைக்காட்சித் தொடராகிவிடும். அம்பை மும்பையில் இருந்துகொண்டு எழுதிய ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யில், ராஜஸ்தான் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தமிழ்ப் பெண் அந்தச் சமையலறையைக் கொஞ்சம் வசதியாக்கலாமே என்றுதான் கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் வீடே ஆட்டம் காண்கிறது. 1988-ல் புத்தகமாக வந்த தொகுப்பின் தலைப்புக் கதை அது. நம் மான்குர்த் வாசகியின் குறிப்பு: “எங்க வீட்ல சமையலறை மூலையில இல்ல. சமையலறையோட மூலையிலதான் வீடு இருக்கு.”

இமையத்தின் ‘செல்லாத பண’த்தை மட்டும் அவர் பாதியில் வைத்துவிட்டார். சாகித்திய அகாதெமியின் 2020-ஆம் ஆண்டு விருது பெற்ற நாவல். வீட்டார் விருப்பத்துக்கு மாறாகக் கல்யாணம் செய்துகொண்ட மகள் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வெளியே காத்திருக்கும் தாய், தகப்பன், அண்ணன், அண்ணி. ஆஸ்பத்திரி வராந்தா போதும், மேலே முடியாது என்றார். எனக்கு அந்த வராந்தாதான் நாவல். கையில் பணத்தை வைத்துக்கொண்டு கட்ட இடமில்லாமல் நிற்கும் அந்தத் தகப்பனைப் போல ஒருவரைச் சமீபத்திய தமிழ்ப் புனைகதையில் நான் பார்க்கவில்லை. அவருக்கும் எனக்கும் இதில் உடன்பாடு ஏற்படப் போவதில்லை.

மறுபடி பெங்களூர்க் குடும்பத்துக்கு வருகிறேன். சண்டை ஓய்ந்த பிறகு மகள் ஒரு சந்தேகம் கேட்டாளாம். சிக்கப்பா, சிக்கப்பா என்று வருகிறதே, அது அந்த மனிதரின் பெயர்தானே? ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ‘அங்கிள்’ என்று தட்டையாக்காமல் கன்னடச் சொல்லையே வைத்தார், சரியான முடிவு. ஆனால் அந்தச் சொல் ஆங்கில வாக்கியத்துக்குள் போனதும் பெயராகிவிட்டது. தமிழில் படித்த அம்மாவுக்கு இந்தச் சந்தேகமே எழவில்லை. “சித்தப்பாதான் ஏட்டி!”

இந்தச் சொல்லில்தான் நாவலின் முடிச்சே இருக்கிறது. சித்தப்பா என்றால் அப்பாவுக்கு இளையவர். அண்ணன் சொல்லுக்கு அடங்க வேண்டியவர். அவர் கைக்குப் பணம் வந்து, அண்ணன் குடும்பம் அவர் தயவில் வாழத் தொடங்கும்போது வீட்டின் வரிசை தலைகீழாகிறது. ‘சி’ என்ற ஓரெழுத்தில் கன்னடக்காரரும் தமிழரும் இதைப் புரிந்துகொண்டுவிடுவார்கள். மற்றவர்களுக்குப் பத்துப் பக்கம் போக வேண்டும்.

மொழிபெயர்ப்புப் பிழைப்பில் இருப்பவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். ஓர் இந்திய நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ‘சிஸ்டர்-இன்-லா’ என்று ஒரு சொல் எதிரே வந்து நிற்கும். அண்ணியா, நாத்தனாரா, ஓரகத்தியா, கொழுந்தியாளா, மச்சினியா, தம்பி பெண்டாட்டியா? மூலத்தில் ஆசிரியர் தெளிவாகச் சொல்லியிருப்பார். ஆங்கிலம் அதை அழித்திருக்கும். நாம் முன்னும் பின்னும் துப்பறிந்து ஊகிப்போம். ‘கசின்’ இன்னும் ஆபத்து. ஒரு பெண் தன் ‘கசின்’ மீது ஆசைப்படுகிறாள் என்றால், அவன் அத்தை மகனா, பெரியப்பா மகனா? முன்னவன் முறைப்பையன், கல்யாணப் பேச்சு. பின்னவன் அண்ணன், வீடே இடிந்துவிழும் விஷயம். இதைத் தப்பாக ஊகித்தால் ஒரு சொல்லோடு போகாது, கதையே வேறாகிவிடும்.

இந்திய மொழிகள் தங்களுக்குள் அதிகச் சேதாரமில்லாமல் கைமாற்றிக்கொள்ளக்கூடிய சரக்கு குடும்பக் கதை. அதைத்தான் நாம் லண்டன் வழியாக அனுப்பி, லண்டன் வழியாக வாங்கிக்கொண்டிருக்கிறோம். கீதாஞ்சலி ஸ்ரீயின் ‘ரேத் சமாதி’ 2018-லேயே ஹிந்தியில் வந்தது. எண்பது வயதுத் தாயும் அவள் மகளும் பற்றிய கதை. முக்கியப் பாத்திரங்களில் பலருக்குப் பெயர்கூடக் கிடையாது; மா, பேட்டி, படே, பஹூ என்று உறவு ஸ்தானம்தான் பெயர். டெய்சி ராக்வெல்லின் ஆங்கிலத்துக்கு 2022-ல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்த பிறகே நம்மில் பலருக்கு இப்படி ஒரு நாவல் இருப்பது தெரிந்தது. 2025-ல் பானு முஷ்தாக் கதைகளுக்கு அதே பரிசு. கர்நாடக முஸ்லிம் வீடுகளின் பெண்களைப் பற்றி முப்பது வருடங்களுக்கும் மேலாக அவர் எழுதிய கதைகளிலிருந்து தேர்ந்தவை. மொழிபெயர்த்த தீபா பாஸ்தி கன்னட, உருதுச் சொற்களைச் சாய்வெழுத்தில் ஒதுக்காமல், அடிக்குறிப்பு போடாமல் அப்படியே விட்டார். ஆங்கில வாசகர்கள் அதைத் துணிச்சல் என்று பாராட்டினார்கள். ஓசூரைத் தாண்டினால் அந்தச் சொற்களில் பலவற்றுக்கு அடிக்குறிப்பே தேவைப்படாது!

முன்பு இப்படி இல்லை. வி.ஸ. காண்டேகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-க்கான ஞானபீடம் பெற்ற மராத்தி நாவலாசிரியர். கா.ஸ்ரீ.ஸ்ரீ. அவரை மராத்தியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்குக் காண்டேகர் தமிழ் எழுத்தாளரைப் போலவே இருந்தார். பைரப்பாவின் ‘கிருஹபங்க’ எச்.வி. சுப்பிரமணியம் தமிழில் ‘ஒரு குடும்பம் சிதைகிறது’ என்று நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்தது. இன்றும் அதைத் தேடிப் படிப்பவர்கள் உண்டு.

இன்றும் நேரடி மொழிபெயர்ப்பைத் தாங்கி நிற்பவர்கள் எல்லையில் வாழ்கிறவர்கள்தான். கர்நாடகத் தமிழரான நல்லதம்பிக்கு ‘யாத் வஷேம்’ மொழிபெயர்ப்புக்காக 2022-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு. மலையாளத்திலிருந்து கொண்டுவரும் குளச்சல் மு. யூசுப்புக்கு 2018-ஆம் ஆண்டின் பரிசு. அந்தக் கணக்கில் பார்த்தால் தாராவி, மாதுங்கா, செம்பூர், சீத்தா கேம்ப், மான்குர்த் எல்லாம் எல்லைப்புறம்தான். மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழர்கள் மராத்தி பேசி, மராத்தியில் சண்டை போட்டு, சிலர் மராத்தியில் சம்பந்தமும் செய்துகொண்ட இடங்கள். ஆனாலும் மராத்தியின் சமகாலக் குடும்பப் புனைகதை நேரடியாகத் தமிழுக்கு வருவது அபூர்வமாகத்தான் இருக்கிறது. மராத்தி தலித் தன்வரலாறுகள் சில வந்தன, அவற்றிலும் ஆங்கிலம் வழி வந்தவை உண்டு. புனேயில் ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் வாடகைக்கு வந்த ஒருவனையே காதலிக்கும் சச்சின் குண்டல்கரின் ‘கோபால்ட் ப்ளூ’ 2006-ல் எழுதப்பட்டது. 2013-ல் அதை ஆங்கிலமாக்கியவர் ஜெர்ரி பின்டோ, மும்பையின் கோவா வம்சாவளிக்காரர். மாஹிமில் ஒரு சின்ன ஃபிளாட்டில் மனநோயுற்ற தாயோடு வாழும் குடும்பத்தை ‘எம் அண்ட் த பிக் ஹூம்’ நாவலில் எழுதியவரும் அவரே. மாஹிமுக்குப் பக்கத்துத் தாராவியிலிருந்து இந்த வேலைக்கு ஒரு தமிழர் ஏன் வரவில்லை? பக்கக் கணக்குக் கூலியில் வீட்டு வாடகை கட்ட முடியாது என்பது ஒரு பதில். பிள்ளைகளில் பலர் மராத்தியும் ஆங்கிலமும் படித்தார்கள், தமிழை எழுதப் படிக்காமல் விட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குக் கவலை. பாலத்தின் ஒரு முனையில் அம்மா, மறுமுனையில் மகள்.

வேலையும் கடினமானதல்ல. வஹினி என்றால் அண்ணி. நணந்த் நாத்தனார். ஜாவூ ஓரகத்தி. தீர் கொழுந்தன். ஸாடூ சகலை. மாவ்ஷியைச் சித்தி என்பதா பெரியம்மா என்பதா என்று மட்டும் யோசிக்க வேண்டும். தாய்மாமன் மகளைக் கட்டும் வழக்கம் மராத்திச் சாதிகள் பலவற்றில் உண்டு. ஆகவே முறைப்பெண்ணுக்கு விளக்கவுரை வேண்டாம். வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் மகாராஷ்டிரம் நிற்பதை ஐராவதி கார்வே 1953-ல் இந்திய உறவுமுறை பற்றிய நூலில் விரிவாக எழுதினார். யார் யாருக்கு என்ன முறை என்று நாடு முழுவதற்கும் வரைபடம் போட்ட அந்த அம்மையாரின் மகள்தான் கௌரி தேஷ்பாண்டே. 2003-ல் மறைந்த கௌரி, அந்த முறைகளுக்குள் அடங்காமல் வெளியே நடக்கும் பெண்களையே கதை எழுதினார். எதிலிருந்து தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், 1980-ல் வந்த அவருடைய ‘ஏகேக் பான் களாவயா’ என்பேன். மூன்று குறுநாவல்கள். ஏகேக் பான், ஒவ்வொரு இலையாக. அதுவரை சிக்கல் இல்லை. அடுத்த சொல்லில்தான் பேனா நிற்கிறது. உதிர்வதற்கு என்பதா, உதிரட்டும் என்பதா?