கைக்கு வந்த கிண்டிக் குதிரை

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931-ம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் அது ஆட்களை மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. அபிப்பிராயங்களையும் ஏற்றிச் செல்கிறது. குரோம்பேட்டையில் ஏறுகிறவர் சந்திரனுக்கு ராக்கெட் விடுவது பற்றிப் பேசுவார். பல்லாவரத்தில் ஏறுகிறவர், சினிமாப் பாட்டு மெட்டுப் போட்டவருக்குச் சொந்தமா, படம் எடுத்தவருக்குச் சொந்தமா என்று வழக்காடுவார். மீனம்பாக்கம் வருவதற்குள் இரண்டுக்கும் தீர்ப்பு ஆகிவிடும்.

தீர்ப்பு ஆகாத வழக்கு ஒன்று உண்டு. செல்போனில் பணம் கட்டி ஆடும் ரம்மியைத் தடுத்தது சரியா, தவறா என்பதுதான் அது.

"அவன் சம்பாதித்த பணம், அவன் ஆடுகிறான். சர்க்காருக்கு என்ன வந்தது?" என்கிறார் ஒருவர். "ரம்மி சூது அல்ல ஐயா, அது திறமை ஆட்டம்" என்று பக்கத்தில் இருப்பவர் ஒத்து ஊதுகிறார். இந்த இரண்டு வாதங்களையும் சற்று உரசிப் பார்ப்பது நல்லது.

கோர்ட்டு சொன்ன மறுபாதி

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று 1968-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது உண்மை. எல்லோரும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் ஆட்ட இடத்தின் சொந்தக்காரர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்பதே அது. இதை ஏனோ யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

செல்போன் ரம்மியில் அந்தச் சொந்தக்காரர் யார்? கம்பெனிதான். சமமான திறமை உள்ள இருவர், ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி 10 சதவிகிதம் கமிஷன் பிடித்தால், ஆட்டத்துக்கு 20 ரூபாய் போய்விடும். 10 ஆட்டத்தில் ஆளுக்கு 5 வெற்றி. இருவரும் சமம்தான். ஆனால் இருவர் பையிலும் சேர்த்து 200 ரூபாய் குறைந்திருக்கும். ஆடுகிறவனுக்குத் திறமை வேண்டும். ஆட்டுவிக்கிறவனுக்கு அது கூட வேண்டாம்!

உண்மையான திறமை ஆட்டத்துக்கு உதாரணம் வேண்டுமா? 2024-ல் சென்னைப் பிள்ளை குகேஷ் 18 வயதில் உலக சதுரங்க சாம்பியன் ஆனார். சதுரங்கத்தையும் செல்போனில் ஆடுகிறார்கள். பந்தயப் பணத்தை எடுத்துவிட்டாலும் அந்த ஆட்டம் நிற்கும். பந்தயப் பணத்தை எடுத்துவிட்டால் ரம்மிக் கம்பெனி நிற்குமா?

கிண்டிக்குப் போனவர்கள்

சூது புதிதல்ல. திருவள்ளுவர் அதற்கென்று ஒரு தனி அதிகாரமே வகுத்தார். அதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார். கிண்டிக் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழக சர்க்கார் சட்டம் செய்தது. அதுவும் திறமைப் போட்டியே என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. லாட்டரிச் சீட்டு விற்பனையை 2003-ல் தமிழகம் தடை செய்தது.

ஆனாலும் அந்தக் காலத்துப் பந்தயக்காரருக்குச் சில தடைகள் இருந்தன. கிண்டிக்குப் போக வேண்டும். பந்தய நாள் வர வேண்டும். தெரிந்தவர் கண்ணில் படாமல் தப்ப வேண்டும். கைப்பணம் தீர்ந்தால் வீடு திரும்ப வேண்டும். இன்று குதிரை கைக்குள் வந்துவிட்டது. நள்ளிரவிலும் போர்வைக்குள் ஓடுகிறது. பணம் தீர்ந்தால் அதே செல்போன் சில நிமிஷங்களில் கடனும் தருகிறது. அருகில் படுத்திருக்கும் மனைவிக்குக் கூடத் தெரியாது. கடன்காரன் வாசலுக்கு வரும்போதுதான் தெரியும். சில வீடுகளில் அதற்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் செய்திகளைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கொஞ்சமாகவா போட்டன?

"அவன் பணம்" என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. அது பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டு வாடகை, தாயாரின் மருந்துச் செலவு. ஆடியவன் ஒருவன், தோற்றவர்கள் ஐந்து பேர்.

சட்டம் நடந்த வழி

தமிழக சர்க்காரின் முதல் சட்டம் 2021-ல் ஐகோர்ட்டில் ரத்தானது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த இரண்டாவது சட்டம் 2023-ல் அமலுக்கு வந்தது. அது ரம்மிக்குப் பொருந்தாது என்றது ஐகோர்ட்டு. வயது, நேரக் கட்டுப்பாடு போடலாம் என்றும் சொன்னது. அதன்படி 2025-ல் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடை வந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டமும் நிறுத்தப்பட்டது. அந்த ஆகஸ்டிலேயே பார்லிமெண்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டும் செல்போன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் செய்தது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை.

இந்தக் கடைசி வாசகம்தான் மிக நியாயமானது. ஏமாந்தவனைச் சிறைக்கு அனுப்புவதில் லாபம் இல்லை. குடும்பங்களும் அப்படியே நடக்க வேண்டும். திருட்டுத்தனமாக ஆட வழி காட்டுகிறவர்கள் எந்தச் சட்டம் வந்தாலும் இருக்கத்தான் செய்வார்கள். அதில் பணம் தோற்றவன் அதை மீட்க மறுபடி ஆடுவதற்கு முன், வீட்டில் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னவனை அன்று இரவு யாரும் திட்டக் கூடாது. கடனை அடைத்துக்கொள்ளலாம், ஆளை இழந்தால் அடைக்க வழி இல்லை.