விமானம் விழுந்தால் வானத்தைத் திட்டாதீர்கள்!



தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ராத்திரி ரேடியோவில் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும். வாசலில் யாராவது மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினால் போதும், பாட்டை அமுக்கிக்கொண்டு 'கரகர'வென்று இரைச்சல் வரும். நாம் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவோம். பாவம், பெட்டி என்ன செய்யும்? ஸ்பார்க் பிளக்கில் தெறிக்கும் பொறியும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையந்தான்!

இதை ஏன் சொல்கிறேன்? ரேடியோவால் ஓட்டும் பெரிய மாடல் விமானத்தின்மேல் உங்கள் பிள்ளைக்கும் ஆசை வரலாம். இறக்கை இரண்டு, மூன்று மீட்டர். எடை பத்துக் கிலோ. மூக்கில் பெட்ரோல் எஞ்சின். திடலில் விழுந்தால் சேர்த்துவைத்த ஓவர்டைம் காசோடு போகும். ஆள் தலையில் விழுந்தால்?

விழுந்ததும் ஓட்டியவர் சொல்லும் முதல் வார்த்தை, "எவனோ அலைவரிசையில் குறுக்கிட்டுவிட்டான்!" முன்பு அதில் நியாயம் இருந்தது. 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில், ஒருவர் பறக்கவிடும்போது அதே அலைவரிசையில் இன்னொருவர் சுவிட்சைப் போட்டால் விமானம் இருவருக்குமே அடங்காது. இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரோ தன் சொந்த டிரான்ஸ்மிட்டரின் பேச்சை மட்டுமே கேட்கும். அந்தச் சாக்கு இனி அவ்வளவாக எடுபடாது.

பல வேளைகளில் குற்றவாளி விமானத்தின் வயிற்றிலேயே படுத்திருக்கிறது. அதுதான் பேட்டரி. சும்மா மீட்டரை வைத்துப் பார்த்தால் நாலு செல் நிக்கல் பேட்டரி 4.8 வோல்ட் என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். வானத்தில் குட்டிக்கரணம் போடும்போது ஏழெட்டு சர்வோக்கள் ஒருசேர மின்சாரம் இழுக்கும். பெரிய சர்வோ ஒன்றே சில ஆம்பியர் குடிக்கும். அந்த நொடியில் வோல்ட் ஏறக்குறைய மூன்றரைக்குக் கீழே சரிந்தால், ரிசீவர் மயங்கிவிடும். அது மறுபடி விழித்தெழுவதற்குள் விமானம் தரைக்கு வந்துவிடும். ஓடிப்போய் எடுத்துப் பார்த்தால் பேட்டரி மறுபடியும் 4.8! அப்புறம் வானத்தைத் திட்டாமல் யாரைத் திட்டுவது?

ஆகவே பெரிய விமானத்துக்கு நாலு செல் வேண்டாம். ஐந்து செல்லில் 6 வோல்ட் கிடைக்கும். சர்வோ தாங்குமானால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் இரண்டு செல், 6.6 வோல்ட், இன்னும் நல்லது. இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச் வையுங்கள்; ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். கம்பி தடிப்பாக இருக்கட்டும். சர்வோக்களை ஆட்டிக்கொண்டே வோல்ட்டை அளங்கள்.

மோட்டார் சைக்கிள் கதைக்கு வருவோம். எஞ்சின் பொறிக்குத் தனி பேட்டரி கொடுங்கள். ரெசிஸ்டர் வைத்த பிளக், உலோகவலை போர்த்திய பிளக் கம்பி போடுங்கள். ரிசீவரை அதிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள்.

பறக்குமுன், டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு முப்பது அடி எடுத்துவைத்து விலகி நின்று சோதியுங்கள். முதலில் எஞ்சினை நிறுத்தி. பிறகு, ஒருவர் வாலைக் கெட்டியாகப் பிடித்திருக்க, எஞ்சினை ஓடவிட்டு. நின்றபோது ஒழுங்காக இருந்த சர்வோ, ஓடும்போது நடுங்கினால் அன்றைக்கு விமானத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.